வருகைப் பதிவேட்டில் சார்லஸ் சம்னர்

அமெரிக்க செனட்டில் 1789இலிருந்து இன்றுவரை பெயர் வாரியாகப் பதிவான வாக்கெடுப்புகள் எல்லாம் இப்போது கணினியில் இருக்கின்றன. கீத் பூல், ஹோவர்ட் ரோசந்தால் என்ற இரண்டு பேராசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்து அவற்றைத் திரட்டினார்கள். அதன் பயனாக, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன செனட்டருக்குக்கூட வருகைக் கணக்கு பார்த்துவிடலாம். எத்தனை முறை வாக்களித்தார், எத்தனை முறை வாக்களிக்கவில்லை, எந்த ஆண்டில் அதிகம் வராமல் இருந்தார் என்று எண்ணிச் சொல்லிவிட முடிகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர் சார்லஸ் சம்னரின் கணக்கை அப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒரு பெரிய பள்ளம் தெரியும். 1851 டிசம்பரில் பதவியேற்று, 1874 மார்ச்சில் இறக்கும்வரை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் செனட்டில் இருந்தவர் அவர். இடையில் 1856 மே மாதத்திலிருந்து 1859 டிசம்பர்வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், அவர் பெயருக்கு நேரே பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. அடிமை முறை குறித்து நாடே இரண்டுபட்டு நின்ற ஆண்டுகள் அவை. மற்ற விவரம் ஏதும் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், பொறுப்பில்லாத மனிதர் என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் அவரை அனுப்பிய மாநிலமோ, அவர் வராமல் இருந்த அந்தக் காலத்திலேயே மறுபடியும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. இது எப்படி என்பதை ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

பதிவு எப்படி உருவாகிறது?

முதலில் இந்தக் கணக்கு எதிலிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செனட்டில் எல்லா வாக்கும் பெயரோடு பதிவாவதில்லை. பல தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். ஆதரிப்பவர்கள் ஒருமுறை குரல் கொடுப்பார்கள், எதிர்ப்பவர்கள் ஒருமுறை. தலைமை வகிப்பவர் காதில் எது ஓங்கி விழுந்ததோ அது வென்றதாக அறிவிப்பார். யார் எந்தப் பக்கம், யார் அவையிலேயே இல்லை என்பதற்கெல்லாம் தடயம் இருக்காது. வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் மட்டும், ஒவ்வொருவர் வாக்கையும் பெயரோடு அவைக் குறிப்பில் எழுத வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. அப்போது எழுத்தர் அகரவரிசையில் பெயர்களைப் படிப்பார். செனட்டில் இன்றும் இதே முறைதான். பிரதிநிதிகள் சபைக்கு 1973இல் மின்னணுக் கருவி வந்தது. செனட் தன் பழைய வழக்கத்தை விடவில்லை.

பெயர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால், வாக்களிக்கவில்லை என்று பதிவாகும். காரணம் எழுதப்படாது. ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கலாம். பனியில் ரயில் நின்றுபோயிருக்கலாம். ஆதரித்தாலும் சிக்கல், எதிர்த்தாலும் சிக்கல் என்று பக்கத்து அறைக்குள் நழுவியிருக்கலாம். ஜோடி சேர்ந்துகொள்ளும் வழக்கம் ஒன்றும் இருந்தது. எதிரெதிர்க் கருத்துள்ள இரண்டு செனட்டர்களில் ஒருவர் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், மற்றவர் தானும் வாக்களிப்பதில்லை என்று வாக்குக் கொடுப்பார். அவர் அவையிலேயே உட்கார்ந்திருப்பார். சொன்ன சொல்லைக் காப்பதற்காக வாய் திறக்க மாட்டார். கணக்கில் இவர்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே குறிதான். பள்ளிக்கூடத்தில் வராதவர் எல்லோருக்கும் ஆசிரியர் ஒரே குறி போடுவதைப் போல; அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்கும் அதுதான், மட்டம்போட்ட பிள்ளைக்கும் அதுதான். ஆகவே அந்தக் குறியைப் பார்த்ததும் ஏன் என்று கேட்க வேண்டும். சம்னர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேட, அவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு வாக்கில் வந்தவர்

சம்னர் 1811இல் பாஸ்டனில் பிறந்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தார். 1837 இறுதியில் ஐரோப்பாவுக்குப் போய் மூன்றாவது ஆண்டில்தான் திரும்பினார். 1838 ஜனவரியில் பாரிஸில், சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பைக் கேட்கப் போனபோது, அங்கே சில கறுப்பின மாணவர்களும் இருந்தார்கள். மற்றவர்களோடு அவர்கள் சகஜமாகப் பழகினார்கள், யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே காணும் தூரம் இயற்கையில் வந்ததல்ல, வளர்ப்பிலும் கல்வியிலும் வந்தது என்று அன்றைக்கே அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் வித்து அந்த வகுப்பறையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1849இல் சாரா ராபர்ட்ஸ் என்ற கறுப்பினச் சிறுமிக்காக அவர் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். சாராவின் வீட்டுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளிக்கும் இடையே வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிகள் ஐந்து இருந்தன. அத்தனையையும் தாண்டித்தான் அவள் நடக்க வேண்டும். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிசும் சம்னரும் சேர்ந்து நடத்திய அந்த வழக்கு தோற்றது. நீதிபதி லெமுவல் ஷா 1850இல் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆனால் 1855இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றமே பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தடைசெய்துவிட்டது. நாடு முழுவதற்கும் அப்படி ஒரு தீர்ப்பு வர 1954 ஆக வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913இல் வந்த பதினேழாவது திருத்தம்தான் அதை மாற்றியது. 1851 ஜனவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் வாக்கெடுப்பைத் தொடங்கியது. டேனியல் வெப்ஸ்டர் என்ற பெரும் பேச்சாளர் அமர்ந்திருந்த இடம் அது. அடிமை முறை பரவுவதை எதிர்த்த சுதந்திர மண் கட்சிக்காரர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து சம்னரை நிறுத்தினார்கள். முடிவே வரவில்லை. திரும்பத் திரும்ப வாக்கெடுத்து, ஏப்ரல் 24 அன்று 26ஆவது சுற்றில் ஒரே ஒரு வாக்கில் சம்னர் வென்றார். அன்று அவரை ஆதரித்த ஒரு உறுப்பினர் வீட்டில் தங்கியிருந்தால்கூட கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வந்திருந்தும் நால்வர்தான்

செனட்டுக்குள் நுழைந்ததும் அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் பேச 1852 ஜூலையில் அனுமதி கேட்டார். அவை மறுத்துவிட்டது. ஆகஸ்ட் 26 அன்று செலவின மசோதா ஒன்று வந்தது. அதற்கு ஒரு திருத்தம் கொடுத்தார். திருத்தம் கொடுத்தவரைப் பேசவிடாமல் இருக்க முடியாது. அந்த வழியாக எழுந்து, அந்தச் சட்டத்தையே நீக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசினார்.

வாக்கெடுப்பில் எதிராக 47, ஆதரவாக 4. அன்றைய செனட்டில் 31 மாநிலங்களுக்கு 62 இடங்கள். வாக்களித்தவர்கள் 51 பேர். மீதி 11 இடங்களிலிருந்து எந்தக் குரலும் இல்லை. அடிமை முறையை மனதுக்குள் வெறுத்தவர்கள் அவையில் நான்கு பேருக்கு மேலேயே இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 47இலும் 11இலும் எத்தனை விதமான தயக்கங்கள் இருந்திருக்கும் என்று புரியும். வருகைக் கணக்கில் அந்த 47 பேருக்கும் சம்னருக்கும் அன்று ஒரே மதிப்பெண். தோற்கப்போகிறது என்று தெரிந்தே எழுந்து நின்றவரை அந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது.

1856 மே 22

1854இல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்தது. புதிதாக உருவாகும் கான்சஸ் பகுதியில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது அது. உடனே இரு தரப்பும் ஆட்களை அனுப்பின; துப்பாக்கிகளும் சேர்ந்தே போயின. 1856 மே 19, 20 ஆகிய இரண்டு நாட்கள் சம்னர் 'கான்சசுக்கு எதிரான குற்றம்' என்ற தலைப்பில் செனட்டில் பேசினார். அந்தப் பேச்சு மிகக் கடுமையானது. இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளசையும் தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரையும் பெயர் சொல்லித் தாக்கினார். பட்லர் அன்று அவையில் இல்லை, ஊருக்குப் போயிருந்தார். அவருடைய பேச்சுக் குறைபாட்டைக்கூட சம்னர் இடித்துக் காட்டினார். எதிரில் இல்லாத முதியவரை அப்படிப் பேசியது சரியில்லை என்று சம்னரை மதிக்கும் நானும் சொல்வேன். ஆனால் அதற்குக் கிடைத்த பதில் எந்த நியாயத்துக்குள்ளும் அடங்காதது.

மே 22 அன்று அவை சீக்கிரமே கலைந்துவிட்டது. சம்னர் தன் இடத்திலேயே உட்கார்ந்து, அச்சாகி வந்த தன் பேச்சின் பிரதிகளைத் தபாலில் அனுப்பக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான பிரஸ்டன் புரூக்ஸ் உள்ளே வந்து காத்திருந்தார். பெண் பார்வையாளர்கள் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு மேசைக்கு அருகே போய், தங்கப்பூண் போட்ட கைத்தடியால் சம்னரின் தலையில் அடிக்கத் தொடங்கினார்.

அந்த மேசையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். செனட்டர்களின் மேசைகள் தரையோடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. சம்னர் ஆறடிக்கு மேல் உயரம். நீண்ட கால்களை அந்த மேசைக்கு அடியில் மடக்கி உட்கார்ந்திருந்தார். எழ வேண்டுமானால் நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும். அடி விழ விழ அது முடியவில்லை. கண்ணில் ரத்தம் வழிந்து பார்வை மறைந்தது. தொடையால் உந்தி, இறுக்கப்பட்டிருந்த மேசையையே பெயர்த்துக்கொண்டு எழுந்து தள்ளாடினார். கைத்தடி உடைந்து துண்டு துண்டாகச் சிதறியும் புரூக்ஸ் நிறுத்தவில்லை. கென்டக்கியின் முதிய செனட்டர் ஜான் கிரிட்டென்டன் தடுக்க வந்தார். புரூக்சின் நண்பர் லாரன்ஸ் கீட் யாரையும் கிட்டே விடாமல் மிரட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு நிமிடம், சற்று முன்பின்னாக நடந்து முடிந்துவிட்டது. சம்னர் நினைவிழந்து விழுந்தார். வருகைக் கணக்கில் நாம் பார்த்த பள்ளம் தொடங்குவது இங்கேதான்.

காலி இடத்துக்கு மறுபடியும் ஓட்டு

புரூக்சைப் பிரதிநிதிகள் சபையிலிருந்து நீக்கக் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. நீதிமன்றம் 300 டாலர் அபராதம் விதித்ததோடு சரி. அவர் தானே ராஜினாமா செய்தார். அவருடைய தொகுதி சில வாரங்களிலேயே மறுபடி அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. தென் மாநில ஆதரவாளர்கள் அவருக்குப் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள்.

சம்னரின் ஆறாண்டுப் பதவிக்காலம் 1857 மார்ச்சில் முடிய இருந்தது. அதற்குமுன் ஜனவரியில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் கூடியது. சம்னர் எப்போது அவைக்குத் திரும்புவார் என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நேரம். வேறொருவரை அனுப்பினால் மாநிலத்துக்கு வாக்கு கிடைக்கும், அவையில் குரல் கிடைக்கும். அப்படி யோசிப்பதில் தவறும் இல்லை. ஆனால் சட்டமன்றம் ஏறக்குறைய ஒருமனதாக சம்னரையே தேர்ந்தெடுத்தது. 1851இல் 26 சுற்று ஓடி ஒரு வாக்கில் வந்தவருக்கு, ஒரு நாள்கூட அவையில் உட்கார முடியாத நிலையில் இந்த வெற்றி. அவருடைய வெற்று நாற்காலி அங்கே எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பதே அடிமை முறைக்கு எதிரான வாதம் என்று அந்த மாநிலம் கருதியது. அடித்தவரையும் அவருடைய மக்கள் திருப்பி அனுப்பினார்கள், அடிபட்டவரையும் அவருடைய மக்கள் திருப்பி அனுப்பினார்கள். நான்கே ஆண்டுகளில் வெடிக்கப்போகும் உள்நாட்டுப் போரின் இரண்டு அணிகளும் இந்த இரண்டு முடிவுகளிலேயே தெரிந்துவிட்டன.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள்தான். மாசசூசெட்சின் மற்றொரு செனட்டரான ஹென்றி வில்சன் அந்த ஆண்டுகளில் இருவர் சுமையைச் சுமந்தார். தென் மாநிலப் பத்திரிகைகளோ சம்னர் நடிக்கிறார், தலையில் பட்ட காயம் எப்போதோ ஆறிவிட்டது என்று எழுதின. காயம் ஆறியது உண்மைதான். ஆனால் அவருக்குத் தலைவலி தீரவில்லை, முதுகில் வலி, அவைக்குள் வந்தாலே உடல் துவண்டது. மூளையில் பட்ட அடியோடு, தாக்குதலின் அதிர்ச்சியும் மனதில் தங்கிவிட்டிருக்க வேண்டும் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. அந்தக் காலத்தில் அதற்குப் பெயரே கிடையாது. பெயரில்லாத நோயை நடிப்பு என்று சொல்வது எளிதாக இருந்தது.

அவர் வர முயலாமலும் இல்லை. 1857 பிப்ரவரியில் ஒருமுறை வந்து அமர்ந்தார். உடம்பு தாங்கவில்லை. மார்ச்சில் புதிய பதவிக்காலத்துக்கு உறுதிமொழி எடுத்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ஆண்டுக் கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயன்றார், முடியவில்லை. 1858 மே 22, அடிபட்டு சரியாக இரண்டாண்டு நிறைந்த நாள், மறுபடி கப்பலேறினார். பாரிஸில் பிரௌன்-செகார் என்ற புகழ்பெற்ற மருத்துவர், முதுகெலும்பை ஒட்டிய தோலில் நெருப்பால் சூடு வைப்பதுதான் சிகிச்சை என்றார். மயக்க மருந்து கொடுத்தால் பலன் குறையும் என்று கருதி அது இல்லாமலேயே வைத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. அந்தச் சிகிச்சையால் பயன் இருந்ததா என்று இன்றைய மருத்துவம் சந்தேகிக்கும். ஆனால் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக ஒருவர் என்னவெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்பதில் சந்தேகமில்லை.

1859 டிசம்பரில் அவர் திரும்பினார். அவர் அடிபட்ட அவைக்கூடத்தில் இப்போது செனட் கூடவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் கட்டடத்தின் புதிய பகுதியில் இருந்த பெரிய கூடத்துக்கு மாறியிருந்தது. 1860 ஜூன் 4 அன்று எழுந்து பேசினார். தலைப்பு 'அடிமை முறையின் காட்டுமிராண்டித்தனம்'. நான்காண்டு வலியும் அவரைச் சமாதானத்துக்கு வளைக்கவில்லை.

எண்ணிக்கையில் வராத வேலை

தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோன பிறகு, 1861இல் சம்னர் வெளியுறவுக் குழுவின் தலைவரானார். பத்தாண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பெயர் கூப்பிடும் பட்டியலில் ஏறாத வேலைகளே இந்தப் பத்தாண்டுகளில் அதிகம். குழுவின் அறையில் நடப்பதும், அதிபர் லிங்கனோடு பேசி முடிப்பதும், இங்கிலாந்திலிருந்த நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் எந்தச் சதவீதத்திலும் சேராது. 1861 கடைசியில் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றிலிருந்து தென் மாநிலத் தூதர்கள் இருவரை அமெரிக்கக் கடற்படை பிடித்துவந்தது. பிரிட்டனோடு போர் வரும் நிலை. அவர்களை விட்டுவிடுவதுதான் சரி என்று லிங்கனிடம் எடுத்துச் சொன்னவர்களில் சம்னர் ஒருவர். போர் வரவில்லை. வராத போருக்கு யார் வாக்களித்தார் என்று எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

1862இல் கறுப்பினக் குடியரசுகளான ஹைட்டியையும் லைபீரியாவையும் அமெரிக்கா அங்கீகரிக்க அவர் முன்நின்றார். தப்பி வந்த அடிமைகளைத் திருப்பி அனுப்பும் சட்டம், அதை நீக்க 1852இல் அவர் எடுத்த முயற்சி நால்வர் வாக்கோடு தோற்றிருந்தது, 1864இல் நீக்கப்பட்டது. 1865 பிப்ரவரி 1 அன்று, ஜான் ராக் என்ற கறுப்பின வழக்கறிஞரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாட அனுமதிக்க வேண்டும் என்று சம்னர் நீதிபதிகள் முன் எழுந்து முன்மொழிந்தார். அனுமதி கிடைத்தது. எட்டே ஆண்டுகளுக்கு முன், கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் அது. சம்னரின் வாழ்நாளில் மிகப் பெரிய நாட்களில் ஒன்றாக இதைச் சொல்வேன். அன்று அவர் செனட்டராக அளித்த வாக்கு ஒன்றும் இதில் இல்லை.

தூக்கி வரப்பட்ட செனட்டர்

வருகை என்பதன் எடை நாளுக்கு நாள் மாறும் என்பதற்கு 1868 மே 16ஐ விட நல்ல உதாரணம் இல்லை. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமா என்று செனட் அன்று வாக்களித்தது. சம்னர் நீக்க வேண்டும் என்ற பக்கம். அயோவா செனட்டர் ஜேம்ஸ் கிரைம்ஸ், அதே குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும், கூடாது என்ற பக்கம். இரண்டு நாளுக்கு முன்புதான் கிரைம்சுக்குப் பக்கவாதம் தாக்கியிருந்தது. அவரை அவைக்குத் தூக்கி வந்தார்கள். உட்கார்ந்தபடியே வாக்களிக்கலாம் என்று தலைமை நீதிபதி சேஸ் சொன்னார். கிரைம்ஸ் குற்றமில்லை என்றார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தென் மாநிலங்கள் பல இன்னும் திரும்பச் சேர்க்கப்படாததால் செனட்டில் 54 பேர்தான். அன்று 54 பேரும் வாக்களித்தார்கள். நீக்க 35, கூடாது 19. தேவை மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36. ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார். ஆனால் அரசியல் சட்டம் கேட்பது அவைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. கிரைம்ஸ் ஒருவர் மட்டும் வராமல் இருந்தால் 53 பேர். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு 35க்குச் சற்று மேல், அப்போதும் 36 வேண்டும். அவரோடு அதே பக்கத்தில் இன்னொருவரும் வராமல் போயிருந்தால் 52 பேர். 35 வாக்கே போதும், அதிபர் பதவி இழந்திருப்பார். சாதாரண மசோதாவில் எதிர்ப்பாளர் ஒருவர் வராவிட்டால் எதிர்ப்பில் ஒன்று குறையும், அவ்வளவுதான். இந்த மாதிரி வாக்கெடுப்பில் அவர் வராமல் இருப்பது, எதிர்த்தரப்பு எட்ட வேண்டிய உயரத்தையே இறக்கிவிடும். யார் வருவார், யார் வரமாட்டார் என்று முன்கூட்டித் தெரியாதபோது, படுக்கையிலிருந்து தூக்கி வரச் சொன்ன கிரைம்சின் முடிவுக்கு எவ்வளவு எடை என்பது இதில் விளங்கும். சதவீதக் கணக்கிலோ அது, மற்றொரு நாளின் சில்லறைத் தீர்மானத்தைப் போல, ஒரு வருகைதான்.

கடைசிவரை இடத்தில்

பிந்தைய ஆண்டுகள் சம்னருக்கு வேறுவிதச் சோதனை. சான்டோ டொமிங்கோவை, அதாவது இன்றைய டொமினிகன் குடியரசை, அமெரிக்காவோடு இணைக்க அதிபர் கிராண்ட் விரும்பினார். சம்னர் எதிர்த்தார். 1870 ஜூன் 30 அன்று 28-க்கு 28 என்று சமநிலையில் அந்த ஒப்பந்தம் விழுந்தது. ஒப்பந்தத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அடுத்த மார்ச்சில் சொந்தக் கட்சியே அவரை வெளியுறவுக் குழுவின் தலைமையிலிருந்து இறக்கியது. அவர் இடத்தை விட்டுப் போகவில்லை.

1872 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் மோதிய போர்க்களங்களின் பெயர்களைப் படைக் கொடிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பிரிந்த வீடு சேர வேண்டுமானால் வெட்டிக்கொண்ட இடங்களைக் கொடியில் எழுதிவைத்துக் கொண்டாடக் கூடாது என்பது அவர் எண்ணம். பிள்ளைகளைப் போரில் இழந்த மாசசூசெட்ஸ் இதைப் பொறுக்கவில்லை. வராதபோதும் தேர்ந்தெடுத்த அதே சட்டமன்றம், வந்து வேலைசெய்ததற்காக அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 1874 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. மார்ச் 10 அன்று அந்தச் செய்தி செனட்டில் வாசிக்கப்பட்டபோது சம்னர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இறந்தார்.

சாகும்போது அவர் வாயில் இருந்தது குடிமை உரிமை மசோதா. விடுதி, நாடக அரங்கு, ரயில், பள்ளி, இடுகாடு என எந்த இடத்திலும் நிறம் பார்த்து யாரையும் விலக்கக் கூடாது என்று 1870இலிருந்து திரும்பத் திரும்ப அவர் கொண்டுவந்தது. அதைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று படுக்கையைச் சுற்றி நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டார். பள்ளிகள் குறித்த பகுதியை வெட்டிவிட்டு, 1875 மார்ச் 1 அன்று அது சட்டமானது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென்றது. அவர் கேட்ட பாதுகாப்பு நாடு முழுவதற்கும் மறுபடி வந்தது 1964இல்.

அப்படியானால் வருகைக் கணக்கு வீணா? இல்லவே இல்லை. அது இருப்பதால்தான் 1856இன் பள்ளம் நம் கண்ணில் படுகிறது. மக்கள் பணத்தில் சம்பளம் வாங்குபவர் தன் இடத்தில் இருந்தாரா என்று எண்ணிப் பார்க்க மக்களுக்கு முழு உரிமை உண்டு. எண்ணிய பிறகு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. வராத நாட்களில் அவர் எங்கே இருந்தார், ஏன்? வராமல் போனது எந்த வாக்கெடுப்பு, அன்று ஒரு வாக்குக்கு என்ன எடை? வந்த நாட்களில் எழுந்து நின்று என்ன செய்தார்? மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1857 ஜனவரியில் இந்தக் கேள்விகளை நேர்மையாகக் கேட்டது, பதிலைத் தெரிந்துகொண்டு வாக்களித்தது. 1872இல் அவசரப்பட்டுத் தவறியபோதும், இரண்டு ஆண்டுக்குள் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொண்டது. ஒரு பிரதிநிதியை மதிப்பிட அந்த அளவு பொறுமை தேவைப்படுகிறது. எண்ணைக் கணினி ஒரு நொடியில் கொடுத்துவிடும். காரணத்தைத் தேடும் வேலையை, அவரை அனுப்பியவர்கள்தான் செய்தாக வேண்டும்.